சாவியும் கையெழுத்தும்: ஒரு பள்ளி நூலகத்தின் முதல் ஆண்டு

ஒரு பள்ளி நூலகத்தில் ஒரு கல்வியாண்டு முழுவதும் நடந்தவற்றின் பதிவு இது. பணிக்குப் புதிதாக வந்த நூலகருக்கு அந்த ஆண்டில் நான் வழிகாட்டியாக இருந்தேன். அவருடைய ஒப்புதலுடனும் பள்ளியின் ஒப்புதலுடனும் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். இரண்டொரு இடங்களில் மாற்றியும் இருக்கிறேன். எண்ணிக்கைகள் தோராயமானவை.

பின்னணி

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. முந்தைய நூலகர் ஓய்வுபெற்றபின் இரண்டு ஆண்டுகள் அந்த இடம் காலியாக இருந்தது. இடைக்காலத்தில் நூலகச் சாவி ஓர் ஆசிரியரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. முழுப் பாடவேளைகளுக்கு மேல் சுமத்தப்பட்ட கூடுதல் பொறுப்பு அது. கேட்டவர்களுக்குத் திறந்து கொடுத்தார். பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

அறை பெரியது, நல்ல வெளிச்சம் உள்ளது. சுவரோரமாக இரும்பு பீரோக்கள், எல்லாம் பூட்டியவை. நடுவில் நீள மேசைகள். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பதியும் சேர்க்கைப் பதிவேடுகள் மூன்று இருந்தன. கடைசி எண் நான்காயிரத்தைத் தாண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருந்தது. எந்த ஆசிரியராவது விடுப்பில் போனால் அந்த வகுப்பைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் இடமாகவே அது பயன்பட்டது.

புதிய நூலகர் நூலக அறிவியல் படித்தவர். கல்லூரி நூலகம் ஒன்றில் பயிற்சி பெற்றவர். கல்லூரியில் ஏதோ ஒரு தேவையோடு வாசகர் தாமே வருவார். பள்ளியில் மணி அடித்ததும் நாற்பது பேர் வரிசையாக உள்ளே வருவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு எதற்காக வந்தோம் என்றே தெரியாது. இந்த வேறுபாட்டைப் பட்டப்படிப்பு அவருக்குச் சொல்லித் தரவில்லை.

முதல் நாட்களில் கண்டவை

சேர்ந்த அன்றே தலைமை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். “நூலகத்தின் அனைத்துப் புத்தகங்களையும் தளவாடங்களையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு நூலகர் என்னை அழைத்தார்.

அதற்கு முன்பே அவர் பீரோக்களைத் திறந்து பார்த்திருந்தார். கண்டது இதுதான். கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பூஞ்சை. கிழிந்த பக்கங்களில் ஒட்டிய செலோடேப் பழுப்பேறி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. பதிவேட்டில் ஏறாத அன்பளிப்புப் புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய இருந்தன; பாதிக்கு மேல் பழைய பாடநூல்கள். ஒரே சேர்க்கை எண் இரண்டு புத்தகங்களில் இருந்த இடங்களும் உண்டு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்று குறிக்கும் வழங்கல் பதிவேட்டில் கடைசி ஆண்டுகளில் சில பக்கங்களே நிரம்பியிருந்தன. அந்தப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒரு விதி கையால் எழுதப்பட்டிருந்தது: புத்தகத்தைத் தொலைத்தால் விலையைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும்.

அந்த விதியைப் படித்தபோதுதான் பூட்டுகளின் பொருள் எனக்கு விளங்கியது. தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் நூலகரின் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சம் அந்த அறையில் நெடுநாளாக இருந்திருக்கிறது. நூலகர் அதை மாணவர் மீது ஏற்றினார். மாணவர் புத்தகத்தைத் தொடாமலிருந்து தப்பித்துக்கொண்டார். பூட்டிய பீரோ யாருக்கும் நட்டம் வைப்பதில்லை.

அந்த வாரக் கடைசியில் கல்லூரிக்கே திரும்பிவிடலாமா என்று அவர் கேட்டார். இந்திய நூலகத் துறையின் முன்னோடியான எஸ்.ஆர். ரங்கநாதன் கதையைச் சொன்னேன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த சில நாட்களிலேயே தனிமை தாங்காமல், பழைய வேலையைத் திருப்பிக் கேட்டுக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர் அவர். புதியவர்களிடம் இதைச் சொல்வது என் வழக்கம். சிரிப்பார்கள், கொஞ்சம் இலேசாவார்கள்.

முதல் முடிவு: எதற்குக் கையெழுத்திடுவது

மூன்று வழிகள் இருந்தன. நீட்டிய தாளில் கையெழுத்திட்டுவிடலாம். பெரும்பாலான புதியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் என்றோ தொலைந்த ஒவ்வொரு புத்தகமும் அன்று முதல் அவர் கணக்கு. முழுதாக மறுத்துவிடலாம், முதல் வாரத்திலேயே தலைமை ஆசிரியரோடு மனக்கசப்பு. மூன்றாவது வழி, உண்மையில் கைக்கு வந்ததை மட்டும் பெற்றுக்கொண்டதாக எழுதித் தருவது.

மூன்றாவதைத் தேர்ந்தார். கடிதம் நான்கு வரிதான்: “சாவிகள் இத்தனை, சேர்க்கைப் பதிவேடுகள் மூன்று, வழங்கல் பதிவேடு ஒன்று பெற்றுக்கொண்டேன். இருப்புச் சரிபார்ப்பு முடிந்தபின் புத்தகங்களின் எண்ணிக்கையைத் தனியே எழுதித் தருகிறேன். சரிபார்ப்பில் உடனிருக்க ஓர் ஆசிரியரை நியமிக்கக் கோருகிறேன்.”

“இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை மேடம்” என்றார் தலைமை ஆசிரியர். குரலில் எரிச்சல் இருந்தது. “இதுவரை யாரும் எண்ணியதும் இல்லை சார். நாளைக்குத் தணிக்கையில் குறை வந்தால் என் பெயரோடு உங்கள் பெயரும் வரும். இப்போதே எண்ணிவிட்டால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு” என்றார் நூலகர். வாதத்தில் வெல்லும் நோக்கம் அதில் இல்லை. தலைமை ஆசிரியரின் கவலையையும் சேர்த்துப் பேசினார். மறுநாள் ஒரு கணித ஆசிரியர் உடனிருக்க நியமிக்கப்பட்டார்.

எண்ணிய விதத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் புத்தகத்தை எடுத்துச் சேர்க்கை எண்ணையும் தலைப்பின் முதல் சொல்லையும் வாசிப்பார், மற்றவர் குறிப்பார். குறியீடுகளைப் பதிவேட்டிலேயே போடவில்லை. சேர்க்கைப் பதிவேடு நூலகத்தின் மூல ஆவணம். அதில் டிக் அடிப்பது, அழிப்பது, மேலே எழுதுவது எதுவும் கூடாது. ஒன்றிலிருந்து கடைசி எண் வரை கட்டம் போட்ட தனித்தாள்களில் குறித்தார்கள். தலைப்புப் பக்கம் கிழிந்துபோன புத்தகங்களுக்கு ரகசியப் பக்கம் உதவியது. முந்தைய நூலகர் எல்லாப் புத்தகத்திலும் ஒரே குறிப்பிட்ட பக்கத்தில் எண்ணை எழுதி முத்திரை வைத்திருந்தார். அந்த ஓய்வுபெற்ற மனிதருக்கு அன்று மனதுக்குள் நன்றி சொன்னோம்.

எண்ணி முடித்தபோது பத்தில் ஒன்று என்ற கணக்கில் புத்தகங்களைக் காணவில்லை.

ஆசிரியர் அறையில் வைத்த கூடை

காணாமல் போனவற்றின் பட்டியலைப் பார்த்த கணித ஆசிரியர் முதலில் சொன்னது, “இதில் இரண்டு என் வீட்டில் இருக்கின்றன” என்பதுதான். பட்டியலில் அகராதிகளும் பாடத்துணை நூல்களும் வினா வங்கிகளும் மிகுதி. மாணவர்கள் ஆசைப்பட்டு எடுத்துச் செல்லும் வகை அல்ல. புத்தகங்கள் எங்கே இருக்கும் என்று அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்தது.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் கடிதம் அனுப்பலாம் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். நூலகர் வேண்டாம் என்றார். யார் எதை எடுத்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லாதபோது கடிதம் குற்றச்சாட்டாகிவிடும். ஆண்டு முழுக்க அவர்களுடைய ஒத்துழைப்பும் தேவை. பதிலாக ஆசிரியர் அறையின் மூலையில் ஒரு பெரிய கூடை வைத்தார். “நூலகப் புத்தகங்களை இதில் போடலாம்; பெயர் வேண்டாம்” என்று ஒரு சீட்டு. தினமும் மாலையில், அறை காலியானபின் போய் எடுத்து வந்தார். யாரும் போடும்போது அவர் அங்கே நிற்கவில்லை. காணாமல் போனதாகக் கருதியவற்றில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கூடை வழியாகவும், அறிவியல் ஆய்வகம், வகுப்பறைப் பெட்டிகள், அலுவலக அலமாரி ஆகிய இடங்களிலிருந்தும் திரும்பி வந்தது.

அதன்பின் ஆசிரியர்களுக்கும் வழங்கல் பதிவேடு தொடங்கினார். தலைமை ஆசிரியரிடம் முதல் பக்கத்தில் முதல் பெயராகக் கையெழுத்து வாங்கினார். பிறகு யாரும் மறுக்கவில்லை.

இழப்பு யாருடையது

மீதிப் புத்தகங்கள் கிடைக்கப்போவதில்லை. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வியோடு, இனிமேல் தொலையப்போகும் புத்தகங்களை என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. என் பார்வையில் அந்த ஆண்டின் முக்கியமான முடிவு இங்கே எடுக்கப்பட்டது.

புழக்கத்தில் உள்ள நூலகத்தில் புத்தகம் தொலையும். இதை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. இந்திய ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓர் ஆண்டில் வழங்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவதை நியாயமான இழப்பாகக் கருதலாம் என்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவே. இந்தப் பள்ளி அந்த விதிக்கு உட்பட்டதல்ல. ஆனாலும் ஓர் அரசே இப்படி எழுதி வைத்திருக்கிறது என்று காட்டியதும் தலைமை ஆசிரியர் தளர்ந்தார். எண்ணிக்கை வழங்கலைப் பொறுத்தது என்பதை நூலகர் சுட்டிக்காட்டினார்: ஆயிரம் முறை வழங்கினால்தான் ஐந்து. வழங்காத நூலகத்துக்கு இந்தச் சலுகை பயன்படாது.

ஒரு பக்க விதியொன்று எழுதப்பட்டது. தலைமை ஆசிரியர், நூலகர், மேலும் இரண்டு ஆசிரியர்கள் கையெழுத்திட்டார்கள். மூன்று மடங்கு அபராதம் நீக்கப்பட்டது. தொலைத்த மாணவர் அதே புத்தகத்தையோ, நூலகர் ஏற்கும் வேறொரு புத்தகத்தையோ தரலாம். அதுவும் முடியாதவர் நூலகத்தில் சில மதிய இடைவேளைகள் உதவி செய்தால் போதும். தொலைத்ததற்காக யாருக்கும் அடுத்த புத்தகம் மறுக்கப்படாது. ஆண்டு முடிவில் தொலைந்தவற்றின் பட்டியல் குழுவின் முன் வைக்கப்பட்டுப் பதிவு நீக்கம் செய்யப்படும்.

உடனிருந்த ஓர் ஆசிரியர் எதிர்த்தார். “பயம் இல்லாவிட்டால் பொறுப்பு வராது” என்பது அவர் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓராண்டு பார்த்துவிட்டு மறுபரிசீலனை செய்யலாம் என்ற ஒரு வரியை விதியின் அடியில் சேர்த்தார்கள்.

முதலில் திறப்பதா, முதலில் ஒழுங்குபடுத்துவதா

நூலகருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்ட இடம் இது. கோகா போன்ற கட்டற்ற நூலக மென்பொருளை நிறுவி, நான்காயிரம் புத்தகங்களையும் பட்டியலிட்டு, முதுகுச் சீட்டு ஒட்டி, அதன்பின் முறையாகத் திறக்க வேண்டும் என்பது அவர் திட்டம். தனியாள் ஒருவருக்கு அது ஓராண்டு வேலை. அதுவரை பிள்ளைகள் மூடிய பீரோவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேசி ஒரு நடுவழிக்கு வந்தோம். சரிபார்ப்பு நடக்கும்போதே, சரிபார்த்து முடிந்த கதைப் புத்தகங்களிலிருந்து நல்ல நிலையில் உள்ளவற்றை இரண்டு திறந்த தாங்கிகளில் வைத்துப் பாடவேளைகளில் வழங்கத் தொடங்கினார். பட்டியல் விரிதாளில் வளர்ந்தது. சேர்க்கை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், பகுப்பு எண், நிலை என்று ஒரு விவரத்துக்கு ஒரு பத்தி. இப்படி வைத்தால் பின்னாளில் எந்த மென்பொருளுக்கும் அப்படியே மாற்றிவிடலாம்.

முந்தைய பட்டியல் ஒன்று கணினியில் ஏற்கெனவே இருந்தது. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்ததால் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. யாரோ மாதக்கணக்கில் உழைத்தது வீண். தமிழ்த் தலைப்புகளை எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டுமே தட்டச்சு செய்வது என்று அன்றே முடிவு செய்தார்.

கழித்தல்

அடுக்குவதற்கு முன் பயன்படாத புத்தகங்களைக் கழிக்க வேண்டும். நூலகக் கல்வியில் இதற்குத் தெளிவான அளவுகோல்கள் உண்டு. 1976இல் டெக்சாஸ் மாநில நூலகத்தில் உருவான முறை இன்றும் பயன்படுகிறது. தவறான செய்தி தருவது, சிதைந்தது, புதிய பதிப்பு வந்துவிட்டது, அற்பமானது, இந்த வாசகருக்குப் பொருந்தாதது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது என்று ஆறு கேள்விகள். ஒன்பது கோள்கள் என்று சொல்லும் வானியல் நூல்கள் முதலில் வெளியே வந்தன. 2006இல் புளூட்டோ குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டுவிட்டது. சோவியத் ஒன்றியம் உள்ள நிலப்படத் தொகுப்பைப் பார்த்து வரலாற்று ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது பாடக்கருவி.

எதிர்ப்பு வந்தது. புத்தகத்தை எறிவதா என்று மூத்த ஆசிரியர் ஒருவர் உண்மையிலேயே வருந்தினார். நூலகர் அவரையே கழித்தல் குழுவில் சேர்த்துக்கொண்டார். பூஞ்சை படிந்த நூறு புத்தகங்களைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து புரட்டிப் பார்த்தபின் அவரே வேகமாகக் கழிக்கத் தொடங்கினார்.

ஆவணத்தில் கவனம் காட்டினார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண், தலைப்பு, காரணம், மூவரின் கையெழுத்து. சேர்க்கைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் “நீக்கப்பட்டது”, ஆணை எண், நாள். அந்தச் சேர்க்கை எண் வேறு புத்தகத்துக்கு மறுபடி தரப்படாது. கழித்த புத்தகங்களின் முதல் பக்கத்திலும் நீக்க முத்திரை வைத்தார்கள். முதல் தொகுதிக்கு இதைச் செய்யவில்லை. விளைவு, பள்ளி வாசலில் கட்டிவைத்த மூட்டையைப் பார்த்த நல்ல மனம் படைத்த ஒருவர் அதை மறுநாள் நூலகத்துக்கே அன்பளிப்பாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

அடுக்கியது எப்படி

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பு 1876 முதல் இருக்கிறது. ரங்கநாதனின் கோலன் பகுப்பு 1933இல் வந்தது. பள்ளிக்கு டூயி எளிது என்று எடுத்துக்கொண்டார்கள். தகவல் நூல்களுக்கு மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டார்: 523 வானம், 796 விளையாட்டு என்பது போல. கதைகளுக்கு எண் பயன்படவில்லை. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811இன் கீழ் வருவதால் தமிழ்க் கதைப் புத்தகம் ஒவ்வொன்றும் ஒரே எண்ணைச் சுமந்து நிற்கும். ஆகவே கதைகளைத் தனியே பிரித்து ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் வைத்தார். முன்னெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் எழுத்தையே கணக்கில் கொண்டார். இதை ஒரு பலகையில் எழுதி மாட்டியபின்தான் மாணவர்களால் தாமே தேட முடிந்தது.

தட்டுகளை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவில்லை. தரையை ஒட்டிய தட்டைக் காலியாக விட்டார். ஈரமும் கரையானும் முதலில் வருவது அங்கேதான். சுவருக்கும் பீரோவுக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி விட்டார். ஒவ்வொரு தாங்கியிலும் நான்கைந்து புத்தகங்கள் அட்டை தெரிய நின்றன. அவை விரைவாகப் போயின. முதுகு மட்டும் தெரிந்தவை நின்றன.

வண்ணப் பொட்டுகள்

முதல் பருவத்தில் கதைப் புத்தகங்களின் முதுகில் வாசிப்புத் திறனைக் காட்டும் வண்ணப் பொட்டுகள் ஒட்டப்பட்டன. எளியவை சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், கடினமானவை பச்சை. மாணவர் தமக்கேற்ற புத்தகத்தைத் தேடும் நேரம் குறையும் என்பது நோக்கம். நோக்கம் சரியானது.

சில வாரங்களில் ஒன்று தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலர் சிவப்புப் பொட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். ஒருவன் ஒவ்வொரு வாரமும் சிவப்புப் புத்தகம் எடுத்தான். ஒவ்வொரு முறையும் “தங்கைக்கு மேடம்” என்றான். அவனுக்குத் தங்கை இல்லை என்று வகுப்பாசிரியர் பேச்சுவாக்கில் சொன்னபோது நூலகருக்கு விஷயம் புரிந்தது. பின்தங்கிய வாசகர் என்ற சீட்டை அந்தப் பொட்டுகள் எல்லார் கண்ணிலும் படும்படி அவன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தன.

பொட்டுகளை உரித்தார்கள். பசைக்கறை இன்றும் இருக்கிறது. எளிய புத்தகங்களை எல்லாத் தட்டுகளிலும் கலந்து வைத்தார். மெல்லிய, பெரிய எழுத்துள்ள, ஆனால் அட்டையில் சிறுபிள்ளைத்தனம் இல்லாத தகவல் நூல்களை மூத்த வகுப்பினருக்காகத் தேடி வாங்கினார். அந்த மாணவனிடம் தங்கையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “உன் தங்கைக்குப் போன வாரப் புத்தகம் பிடித்ததா?” என்று மட்டும் கேட்பார். அவனும் விரிவாகச் சொல்லுவான்.

அறிவிப்புப் பலகை

அந்த ஆண்டின் கசப்பான நிகழ்வு இரண்டாம் பருவத்தில் நடந்தது. கெடு கடந்த புத்தகங்களின் பட்டியல் நூலக வாசலில் ஒட்டப்பட்டது: பெயர், வகுப்பு, புத்தகத் தலைப்பு. பல பள்ளிகளில் வழக்கமாகச் செய்வதுதான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் பெயருக்கு எதிரே, குடிநோயால் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தினருக்காக எழுதப்பட்ட ஒரு நூலின் தலைப்பு இருந்தது. மதியத்துக்குள் வகுப்பில் பேச்சு பரவிவிட்டது. மாலையில் புத்தகம் ஒரு தோழியின் கையில் திரும்பி வந்தது.

பட்டியல் அன்றே இறங்கியது. அடுத்து என்ன செய்வது என்பதில் நூலகர் தயங்கினார். மாணவியை அழைத்துப் பேசலாம். ஆனால் அழைப்பதே மற்றவர் கவனத்தைத் திருப்பும். வகுப்பாசிரியரிடம் சொல்லலாம், அப்போது இன்னொருவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். மாணவிக்கு ஆபத்து இருப்பதாக ஏதேனும் அறிகுறி தென்பட்டிருந்தால் பள்ளியின் ஆலோசகரிடம் உடனே போயிருக்க வேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்தது மட்டும் அந்த அறிகுறி ஆகாது. தற்செயலாகத் தனியே சந்தித்தபோது, பட்டியல் இனி வராது என்று மட்டும் சொன்னார். மாணவி தலையசைத்துவிட்டுப் போனார். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அவர் பெயரில் வேறு புத்தகம் வழங்கப்படவில்லை.

சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட அறநெறித் தொகுப்பு, நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையிலான உறவு ரகசியம் காக்கும் உறவு என்கிறது. பள்ளியில் இதைச் சிறுவர்களுக்குப் பொருந்தாத பெரியவர் விவகாரமாக எண்ணிவிடுகிறோம். அதன்பின் நினைவூட்டல்கள் மடித்த சீட்டாக, எத்தனை புத்தகம் தர வேண்டும் என்ற எண்ணிக்கையோடு மட்டும் போயின. ஆண்டு விழாவில் “அதிகம் படித்த மாணவர்” பரிசுக்குப் பட்டியல் கேட்டபோதும் தலைப்புகளைத் தர நூலகர் மறுத்தார். எண்ணிக்கைப் பரிசே வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தார். பரிசு உண்டென்றால் மெலிந்த புத்தகங்களை எடுத்து மறுநாளே திருப்புவார்கள். அந்த ஒன்றில் அவர் பேச்சு எடுபடவில்லை.

பாடவேளை

பாடவேளையைப் பிற ஆசிரியர் விடுப்புக்கு ஈடாகத் தரக்கூடாது என்று கால அட்டவணைப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பெற்றார். அதற்கு அவர் கொடுத்த விலை, வேறு நாட்களில் சில வகுப்புகளைத் தாமே பார்த்துக்கொள்வது.

நாற்பது நிமிடத்தில் திரும்பப் பெறுதலும் வழங்கலும் பெரும்பகுதியை விழுங்கின. திருப்புவதற்குத் தனிப் பெட்டி வைத்து, வகுப்பு தொடங்குமுன் மாணவ உதவியாளர்கள் அவற்றைத் திரும்பி வந்ததாக வழங்கல் பதிவேட்டில் குறிக்கும்படி செய்தபின் சுமார் கால்மணி நேரம் மிச்சமானது. அதில் உரக்க வாசித்தார், பதினோராம் வகுப்புக்கும்கூட. சூடான கட்டத்தில் நிறுத்திப் புத்தகத்தை மேசையில் வைத்துவிடுவார். அதற்கு வரிசையில் பெயர் எழுதினார்கள். உதவியாளர்களாக முதலில் வகுப்பின் முதல் மதிப்பெண் மாணவர்களை ஆசிரியர்கள் அனுப்பினார்கள்; தேர்வு நெருங்கியதும் அவர்கள் வரவில்லை. பிறகு இடைவேளையில் காரணமில்லாமல் நூலகத்தைச் சுற்றி வருபவர்களை நூலகரே தேர்ந்தெடுத்தார். அவர்கள் நிலைத்தார்கள்.

ஆண்டு முடிவில்

முன்பு ஓராண்டுக்குச் சில பக்கங்களே நிரம்பிய வழங்கல் பதிவேடு இரண்டாம் பருவத்திலேயே தீர்ந்து புதியது வாங்க வேண்டியிருந்தது. தொலைந்த புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு. பெரும்பாலான மாணவர்கள் வேறு புத்தகம் தந்தார்கள். மூவர் உதவி செய்து ஈடுகட்டினார்கள், அவர்களில் ஒருவர் இன்னும் வருகிறார். பயம் வேண்டும் என்று வாதிட்ட ஆசிரியர் மறுபரிசீலனைக் கூட்டத்தில் எதுவும் சொல்லாமல் கையெழுத்திட்டார். அவர் மனம் மாறியதா என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பினர் ஏறத்தாழ வரவே இல்லை. அவர்களுடைய பாடவேளை தேர்வுப் பயிற்சிக்குப் போனது. அன்பளிப்புப் புத்தகங்கள் உள்ள ஒரு பீரோ இன்னும் பூட்டியே இருக்கிறது. கொடுத்தவரின் மனம் நோகும் என்று நிர்வாகம் கழிக்க விடவில்லை. மென்பொருள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

கூடையை எண்ணிக்கைக்கு முன்பே வைப்பது நல்லது. எண்ணி முடித்தபின் வந்த புத்தகங்களால் தாள்களை இரண்டு முறை திருத்த வேண்டியதாயிற்று.

இழப்பு விதி கையெழுத்தாகும்வரை திறந்த தாங்கிகளிலிருந்து புத்தகம் வழங்கியது ஆபத்தான இடைவெளி. அந்த வாரங்களில் ஏதாவது தொலைந்திருந்தால் பழைய மூன்று மடங்கு விதியே செல்லும். அதிர்ஷ்டவசமாக ஒன்றும் தொலையவில்லை.

அன்பளிப்பு பெறுவதற்கு முன்னரே ஒரு விதி வேண்டும்: எதை ஏற்பது, எதைத் திருப்புவது, பின்னாளில் கழிக்கும் உரிமை யாருக்கு என்று கொடுப்பவர் படித்துக் கையெழுத்திடும் ஒரு தாள். இருந்திருந்தால் அந்தப் பீரோ திறந்திருக்கும்.

இன்னொன்றை நூலகரே கண்டுபிடித்தார். புத்தகத்தின் உள்ளே பையில் செருகியிருக்கும் புத்தக அட்டையில் எடுத்தவர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அடுத்து எடுப்பவர், முன்பு யார் படித்தார் என்று வாசித்துவிடலாம். பலகையிலிருந்து இறக்கிய பட்டியல் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் சிறிய அளவில் இருந்துகொண்டே இருந்தது. வரும் ஆண்டு முதல் அட்டையில் பெயர் எழுதுவதில்லை. வாசகர் சீட்டின் எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பதிவேடு நூலகரின் மேசையில் இருக்கும். பழைய அட்டைகளை விடுமுறையில் மாற்றி வருகிறார். குடிநோய் பற்றிய அந்த நூலின் அட்டையை முதலில் மாற்றினார்.